கம்பி செல்லும் வழி



தேர்த் திருவிழாவில் வடம் பிடித்து இழுப்போர் நூற்றுக்கணக்கில் இருப்பர். எல்லார் கண்ணும் அவர்கள்மீதே செல்லும். ஆனால் சக்கரத்தின் அருகே குனிந்தபடி, கையில் முட்டுக்கட்டையுடன் நடந்து வரும் சிலரை நாம் உற்றுநோக்குவதில்லை. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் பொறுப்பு. ஓட்டும் ஆற்றலுக்கு உள்ள பெருமை நிறுத்தும் ஆற்றலுக்கும் உண்டு என்பதை அவர்கள் நன்கு அறிவர். நீங்கள் நாள்தோறும் ஏறிச் செல்லும் சைக்கிளுக்கும் இது பொருந்தும். சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறோம். சக்கரத்துக்குக் காற்று அடைக்கிறோம். மணி ஒலிக்கிறதா என்று அடித்துப் பார்க்கிறோம். பின் சக்கரத்துப் பிரேக்கை இயக்கும் கம்பி எந்த வழியாகச் செல்கிறது என்று பார்ப்பவர் மிகச் சிலரே. அந்த வழியைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய கனத்த சைக்கிள்களில் வளையாத இரும்புக் கம்பிகளே பிரேக்கை இயக்கின. கைப்பிடியின் கீழிருந்து நெம்புகோல்களும் கம்பிகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பின் சக்கரம்வரை செல்லும். அவ்வகை வண்டிகள் இன்றும் உண்டு. எனினும் இக்கால வண்டிகள் பலவற்றில் வளையும் கம்பியே அந்த வேலையைச் செய்கிறது. இத்தகைய கம்பிக்கு 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர். அவர் பெயராலேயே அது ‘பௌடன் கம்பி’ எனப்படுகிறது. ராலே சைக்கிள் நிறுவனத்தை வளர்த்த பிராங்க் பௌடன் வேறொருவர். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதுவோர் உளர்.

இக்கம்பியில் இரண்டு பகுதிகள் உண்டு. மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த உட்கம்பி ஒன்று; அதனைச் சூழ்ந்துள்ள உறை மற்றொன்று. கடைக்காரர் முன்னதை ‘இன்னர்’ என்பார், பின்னதை ‘அவுட்டர்’ என்பார். பிரேக்கின் உட்கம்பி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனமுடையது. உறையோ தட்டையான எஃகுக் கம்பியைச் சுருள்வில்போல் நெருக்கமாகச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் போர்த்தியது. உட்கம்பிதான் வேலை செய்கிறது, உறை வெறும் போர்வை என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் பிடியை அழுத்தும்போது உட்கம்பி இழுபடுகிறது. அதே நேரத்தில் உறை அதே அளவு விசையுடன் எதிர்ப்புறம் தள்ளப்படுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டன் விதி இங்கே கண்கூடாக நிகழ்கிறது. உறை தள்ளுதலைத் தாங்கி நிற்பதால்தான் உட்கம்பியின் இழுப்பு பிரேக்கைச் சென்று அடைகிறது.

உறை எதற்காக வேண்டும்? கைப்பிடி இருபுறமும் திரும்புகிறது, சட்டம் திரும்புவதில்லை. உறையில்லாத கம்பியை நேரே கட்டினால், கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் பிரேக்கு தானே இறுகும், அல்லது தளரும். வளைந்து கொடுக்கும் உறைக்குள் கம்பி சென்றால், கைப்பிடி எப்புறம் திரும்பினாலும் உறையின் நீளம் மாறாது. கம்பியின் நிலையும் மாறாது. ஆகவே திரும்பும் இடத்தில் உறை இன்றியமையாதது. திரும்பாத சட்டத்தின் நேரான பகுதியிலோ அது தேவையில்லை. அதனால்தான் பல வண்டிகளின் சட்டத்தில் கிண்ணம் போன்ற சிறு தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். உறை ஒரு தாங்கியில் முடிந்து, கம்பி மட்டும் வெறுமையாக ஓடி, அடுத்த தாங்கியில் மீண்டும் உறைக்குள் புகுகிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். திமிறும் காளையை ஒருவன் கையால் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் கயிற்றை ஒரு மரத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், சிறுவனும் அதன் நுனியைப் பிடித்து நிற்கலாம். காளையின் வலிமையை மரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே உள்ள உராய்வு விழுங்கிவிடுகிறது. இந்த உராய்வைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர்களுள் ஒருவர் 18ஆம் நூற்றாண்டின் பெருங்கணித அறிஞர் ஆய்லர். காளைக்காரனுக்கு நண்பனாக இருக்கும் இதே உராய்வு சைக்கிள் ஓட்டுபவனுக்குப் பகைவனாகிறது. வளைந்த உறைக்குள் இழுபடும் கம்பி, மரத்தைச் சுற்றிய கயிறு போலவே உறையின் உட்புறத்தில் உராய்கிறது. ஒவ்வொரு வளைவும் உங்கள் கை தந்த விசையில் ஒரு பங்கை வரியாக வாங்கிக்கொள்கிறது.

எவ்வளவு வரி? கல்லூரி மாணவர்கள் இதனைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். உராய்வுக் கெழு 0.1 என்று வைத்துக்கொள்வோம். கம்பி மொத்தம் 90 பாகை திரும்பினால், கை தந்த 100 பங்கு விசையில் 85 பங்கு மறுமுனைக்குச் சேரும். 180 பாகையானால் 73 பங்கும், 360 பாகையானால் 53 பங்கும் சேரும். உறைக்குள் துருவும் மணலும் புகுந்து கெழு 0.2 ஆகிவிட்டால், 360 பாகை திரும்பும் கம்பியின் மறுமுனையில் 28 பங்குக்குச் சற்று மேலாக மட்டுமே எஞ்சும். துருவும் வளைவும் சேர்ந்தால் இழப்பு எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது என்று பாருங்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கம்பி வலப்புறம் 40 பாகை வளைந்து, பிறகு இடப்புறம் 40 பாகை வளைகிறது என்று கொள்ளுங்கள். திசையில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டதால் இழப்பு இல்லை என்று எண்ணலாமா? கூடாது. உராய்வுக்கு வலமும் இடமும் இல்லை. இரண்டையும் கூட்டி 80 பாகை என்றே கொள்ள வேண்டும். ஆகவே பாம்புபோல் நெளிந்து செல்லும் கம்பி, பார்வைக்கு நேராகச் செல்வதுபோல் தோன்றினாலும், வழியெல்லாம் வரி கட்டிக்கொண்டே செல்கிறது.

அப்படியானால் மொத்தப் பாகைதானே கணக்கு, திருப்பம் கூர்மையாக இருந்தால் என்ன என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தக் கணக்கு எளிதில் மடங்கும் கயிற்றுக்கு உரியது. எஃகுக் கம்பிக்கு விறைப்பு உண்டு. கூர்மையான மூலையில் அதனை மடக்குவதற்கே விசை செலவாகும்; அவ்விடத்தில் அதன் இழைகள் நாளடைவில் ஒவ்வொன்றாக அறும். உறையின் சுருள்களும் அங்கே வாய் திறந்து, கம்பி அவற்றின் விளிம்பில் தேயும். எனவே திருப்பங்கள் சிலவாக இருக்கவேண்டும். இருப்பவையும் அகன்ற வில்லாக அமையவேண்டும்.

முன் சக்கரத்துக் கம்பி குறுகியது. பின் சக்கரத்துக் கம்பி வண்டியின் நீளம் முழுவதும் செல்ல வேண்டியது. ஆகையால் இந்தத் தொல்லைகள் பின் கம்பிக்கே மிகுதி. மேலும் நீண்ட உறை தள்ளும் விசையால் சிறிது சுருங்கும். பிடியை அழுத்தினால் பஞ்சை அழுத்துவதுபோல் இருக்கும், பிடி கைப்பிடியைத் தொட்டுவிடும், சக்கரம் நிற்காது. கையை எடுத்தபின்னும் உராய்வு விடுவதில்லை. பிரேக்கின் சுருள்வில் கம்பியைத் திரும்ப இழுக்கும்போது அதனிடமும் வரி வாங்குகிறது. அதனால் ரப்பர் கட்டை ரிம்மை விட்டு அகலாமல் உரசிக்கொண்டே இருக்கும். மிதிப்பவர் காற்று குறைவு என்றும் சங்கிலி இறுக்கம் என்றும் எண்ணிச் சலித்துக்கொள்வார்.

இது வெறும் வசதிக் குறைவு அன்று. மணிக்கு 18 கிலோமீட்டர் விரைவில் செல்லும் சைக்கிள், வினாடிக்கு 5 மீட்டர் கடக்கிறது. பிரேக்கு அதன் விரைவை வினாடிக்கு 2 மீட்டர் வீதம் குறைத்தால் வண்டி ஆறேகால் மீட்டரில் நிற்கும். பாதி விசை வழியிலேயே வீணானால் பன்னிரண்டரை மீட்டர் வேண்டும். பள்ளி விட்ட நேரத்தில், தெருமுனையில் பந்தின் பின்னே ஒரு குழந்தை ஓடிவரும்போது, அந்த ஆறேகால் மீட்டரின் மதிப்பு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பின் பிரேக்கு கனத்துவிட்டால் சிறுவர்கள் அதனைத் தொடுவதையே விட்டுவிடுவார்கள். முன் பிரேக்கு வலிமை மிக்கது என்பது உண்மை. ஆனால் மணலிலும் ஈரத்திலும் திருப்பத்திலும் அதனை மட்டும் சட்டென்று அழுத்தினால் முன் சக்கரம் வழுக்கும். இறக்கத்தில் தலைகுப்புற விழவும் நேரும்.

இனி, கைப்பிடியிலிருந்து பின் சக்கரம்வரை கம்பியுடன் நடந்து பார்ப்போம். முதல் திருப்பம் தலைக்குழாயின் அருகே உள்ளது. நம் நாட்டு வண்டிகள் பலவற்றில் இடக்கைப் பிடியே பின் சக்கரத்துக்கு உரியது. அந்தக் கம்பியைத் தலைக்குழாயின் முன்புறமாகச் சுற்றிச் சட்டத்தின் வலப்புறம் கொண்டுசென்றால் அகன்ற வில் அமையும். இடப்புறமே புகுத்தினால் திருப்பம் நெருங்கிவிடும். வலக்கைப் பிடியானால் இதனை மாற்றிக் கொள்ளுங்கள். தாங்கி ஒரு புறத்தில்தான் உள்ளது என்றால், அங்கே எவ்வளவு மென்மையாக வளைத்துச் சேர்க்க முடியுமோ அவ்வளவு மென்மையாகச் சேர்க்க வேண்டும்.

உறையின் நீளத்தை எப்படி அறிவது? கைப்பிடியை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்பிப் பாருங்கள். எந்தக் கோடியிலும் உறை இழுபடக் கூடாது. தாங்கியிலிருந்து எழும்பவும் கூடாது. அந்த அளவுக்கு மேல் நீளமும் கூடாது. மிச்சத்தை வெட்ட மனமின்றி விட்டுவைத்த உறை, கைப்பிடியின் முன்னே பெரிய வளையமாகத் தொங்கும். அதனால் திருப்பமும் கூடும். சுவரிலும் பிற வண்டிகளிலும் மாட்டிக்கொள்ளும்.

வெட்டும் முறையும் முக்கியம். மழுங்கிய குறட்டால் நெரித்தால் சுருளின் முனை உட்புறம் மடிந்து, கம்பியை ஊசிபோல் கீறும். கூரிய வெட்டுக்கருவியால் வெட்டி, முனையை அரத்தால் தட்டையாக்கி, நசுங்கிய துளையைக் கோணூசியால் திறந்து, உலோகத் தொப்பி போட்டுத் தாங்கியில் பொருத்த வேண்டும். தாங்கிக்குள் உறை நேராகப் புக வேண்டும். சாய்ந்து புகுந்தால் அவ்விடமே கூர்மூலையாகிவிடும். கியருக்கு உரிய உறையைப் பிரேக்குக்கு ஒருநாளும் போடாதீர்கள். அதன் கம்பிகள் சுருளாக இல்லாமல் நீளவாக்கில் அடுக்கப்பட்டவை. பிரேக்கின் பெருவிசையால் அது வெடித்துப் பிளக்கக்கூடும்.

அடுத்து, சட்டத்தின் மேற்குழாய். அதனை ‘பார்’ என்கிறோம். அங்கே தாங்கிகள் இருந்தால் வெறுங்கம்பி நேராக ஓடும். தாங்கிகள் இல்லாமல் முழு உறையும் செல்லுமானால் பட்டைகளால் அணைத்துக் கட்டலாம். ஆனால் உறை நசுங்கும்படி இறுக்கக் கூடாது. பெண்கள் ஓட்டும் தாழ்ந்த சட்டமுள்ள வண்டியில் குழாய் கீழ்நோக்கிச் சரிவதால், கம்பி இறங்கி மீண்டும் ஏற வேண்டியிருக்கும். வளைவுகள் கூடுவதால் அவ்வண்டிக்கே கவனம் மிகுதியாக வேண்டும். இறங்கி ஏறும் தாழ்ந்த இடத்தில் மழைநீர் தேங்கித் துருவை வளர்க்கும் என்பதையும் மறவாதீர்கள். இறுதித் திருப்பம் இருக்கையின் பின்னே, பிரேக்கின் அருகே உள்ளது. பிரேக்கு இயங்கும்போது அதன் கை சிறிது அசையும். அந்த அசைவுக்கு இடம் தரும் அளவு உறை அங்கே வில்லாக நிற்க வேண்டும்.

நன்கு அமைத்த வழியையும் நம் பழக்கங்கள் கெடுத்துவிடும். கைப்பிடியில் புத்தகப் பையை மாட்டுகிறோம். அது உறையை மடக்குகிறது. முன்னே கூடை பொருத்துகிறோம். அது உறையைத் தலைக்குழாயோடு நெரிக்கிறது. பள்ளிச் சைக்கிள் கொட்டகையில் ஒன்றோடொன்று சிக்கிய வண்டிகளை முரட்டுத்தனமாக இழுக்கிறோம், உறை முறிகிறது. புதிய உட்கம்பி போட்டும் பிரேக்கு சரியாகவில்லை என்று வருந்துவோர், முறிந்த பழைய உறையை மாற்றாமல் விட்டிருப்பார்கள்.

குறை எங்கே என்று கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. பிரேக்கின் அருகே கம்பியைக் கழற்றிவிட்டு, அதனை மட்டும் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். தடையின்றி ஓடினால் குறை பிரேக்கின் கீலில் உள்ளது. தடைபட்டால் குறை வழியில் உள்ளது. பின்னர் உறையின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் முறை. மீண்டும் பூட்டியபின் திருகாணியை நன்கு முடுக்கி, பிடியைப் பலமுறை அழுத்தி உறையைத் தாங்கிகளில் நிலைபெறச் செய்து, கம்பியின் தளர்ச்சியைச் சரிசெய்யுங்கள். முடிவில், ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே சாலைக்குச் செல்லுங்கள்.

இக்காலத்தில் சட்டத்தின் குழாய்க்குள்ளேயே கம்பி மறைந்து செல்லும் வண்டிகளும், கம்பிக்குப் பதிலாக எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளும் வந்துள்ளன. மறைந்து சென்றாலும் கம்பிக்கு விதி ஒன்றே. திருப்பத்துக்குத் திருப்பம் அது வரி செலுத்தியே தீரும். கை வலிமை போதவில்லை என்று இன்னும் ஓங்கி அழுத்துவது பலர் வழக்கம். அழுத்தும் விசை வீணாகும் வழியைச் சீர்செய்வது அறிவுடையோர் வழக்கம். வரும் விடுமுறை நாளில் உங்கள் வண்டியின் முன் அமர்ந்து, அந்தக் கம்பியின் திருப்பங்களை எண்ணி, எத்தனை பாகை என்று கூட்டிப் பாருங்கள். பிறகு தம்பி தங்கையரின் வண்டியையும் பாருங்கள். அவர்கள் கை சிறியது. அது தரும் விசையும் சிறியது. அதில் ஒரு பங்கும் வழியில் வீணாகாமல் காப்பது உங்கள் கடமை.