பெஞ்சு ஒன்று, பயிற்சி பல

(ஊராட்சி உடற்பயிற்சிக் கூடங்களைக் குறித்து இளைஞர் மன்றத்தினரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



எடை தூக்குதல் நம் கிராமங்களுக்குப் புதிய கலையன்று. இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் உயர்த்திய வீரர்களை நம் ஊர்கள் கண்டிருக்கின்றன. கர்லாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியும் நம் முன்னோர் பழகியவையே. நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த் போட்டிகளில் எடை தூக்கித் தங்கப் பதக்கம் பெற்றார். ஆயினும் இன்று நாம் பேச வந்தது பதக்கத்தைப் பற்றியன்று. கூடத்தின் மூலையில் கிடக்கும் ஒரு சாதாரணப் பெஞ்சைப் பற்றியே.

ஊராட்சிகளில் உடற்பயிற்சிக் கூடங்கள் அமைக்கும் திட்டம் 2016-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய கூடத்துக்கு வாலிபர் சிலர் மட்டும் வந்து, பெஞ்சில் மல்லாந்து படுத்து, யார் அதிக எடை தூக்குவது என்று பந்தயம் கட்டுவதோடு அதன் பணி முடிந்துவிடுமானால், ஊர்ப் பணம் வீணாயிற்று என்றே கொள்ள வேண்டும். பெஞ்சு ஊர் முழுமைக்கும் உரியது.

“வயலில் உழைப்பவனுக்குத் தனியே பயிற்சி எதற்கு?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் உழவை டிராக்டரும் அறுவடையை இயந்திரமும் ஏற்றுக்கொண்ட ஊர்களில் உடல் உழைப்புக் குறைந்துவிட்டது. எஞ்சிய உழைப்போ உறுப்புகள் அனைத்தையும் ஒருசேர வளர்ப்பதில்லை. நாள் முழுதும் குனிந்து நாற்று நடுவோர் முதுகு வலியால் வருந்துவதை நாம் அறிவோம். வயது வந்தோர் வாரத்தில் 2 நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

இனி முறைகளைக் காண்போம்.

முதலாவது, யாவரும் அறிந்த மார்புப் பயிற்சி. பாதங்கள் தரையில் படிய, பெஞ்சில் மல்லாந்து படுத்து, கம்பியைத் தோள் அகலத்திற்குச் சற்று மிகுதியாகப் பற்றி, மெதுவாக மார்பு வரை இறக்கிப் பின் உயர்த்துவது. கட்டை விரல் கம்பியைச் சுற்றியிருத்தல் அவசியம். பெஞ்சின் சாய்மானத்தைச் சுமார் 30 பாகை உயர்த்தினால் மேல் மார்பும் தோளும் வலுப்பெறும். மேலும் நிமிர்த்தி உட்கார்ந்து, இரு டம்பெல்களைத் தலைக்கு மேல் உயர்த்தினால் அது தோளுக்கான பயிற்சி.

இரண்டாவது, இழுக்கும் பயிற்சி. குனிந்து உழைப்போருக்கு இதுவே மிகவும் வேண்டுவது. ஒரு கையையும் ஒரு முழங்காலையும் பெஞ்சில் ஊன்றி, முதுகை வளைக்காமல், மறு கையால் எடையை இடுப்பு நோக்கி இழுக்க வேண்டும். கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதை ஒக்கும். முன்புறம் தள்ளும் பயிற்சி எத்தனை முறையோ, இழுக்கும் பயிற்சியும் அத்தனை முறை செய்வது நன்று.

மூன்றாவது, கால்களுக்கானவை. அசையாத பெஞ்சின் மீது ஒரு காலால் ஏறி இறங்கலாம். முதியோர் பெஞ்சில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் 8 அல்லது 10 முறை எழுந்து அமர்ந்தால் போதும். தொடை வலுப்பெறும், தடுக்கி விழும் அபாயம் குறையும். தரையில் தண்டால் எடுக்க இயலாதோர் பெஞ்சில் கையூன்றி எடுக்கலாம்.

கால் வலுவிழந்தோரும் ஒதுங்க வேண்டியதில்லை. 1964-இல் டோக்கியோ பாராலிம்பிக்கில் எடை தூக்குதல் சேர்க்கப்பட்டது. இன்று அப்போட்டி முழுவதும் பெஞ்சில் படுத்தபடியே நடைபெறுகிறது.

அளவு என்ன? ஒவ்வொரு பயிற்சியும் 8 முதல் 12 முறை. அவ்வாறு 2 அல்லது 3 சுற்று. இடையே ஒரு நாள் ஓய்வு. 12 முறை எளிதாக வந்த பின்னரே எடையைக் கூட்டலாம். தட்டு மாட்டாத ஒலிம்பிக் கம்பியே 20 கிலோ என்பதைப் புதியவர்கள் மறக்கலாகாது. டம்பெல் இல்லையேல், நீர் நிரப்பிய ஒரு லிட்டர் புட்டி ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும்.

இங்கே ஒரு கண்டிப்பான சொல். துணையின்றி எவரும் கம்பியின் கீழ்ப் படுக்கலாகாது. கை தளர்ந்தால் கம்பி மார்பிலோ கழுத்திலோ அழுந்தி உயிருக்கே ஆபத்தாகும். தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். ஆளில்லாத வேளையில் டம்பெல்லே தக்கது. தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளிவிடுக. இரத்த அழுத்தமும் இருதய நோயும் உள்ளோர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டே தொடங்குக. பெஞ்சின் திருகாணிகளை வாரந்தோறும் முடுக்குக.

ஊராட்சி மன்றத்தாரிடம் நாம் வேண்டுவன மூன்று: திறவுகோலுக்குப் பொறுப்பாக ஒருவர், மகளிர்க்கெனத் தனி நேரம், முதியோர்க்குக் காலையில் அரை மணி. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை, மனமே வேண்டும். பூட்டிய கூடத்தில் துருவேறும் இரும்பு எவருக்கும் வலுவூட்டாது. கதவு திறக்கட்டும், பாட்டியும் பேரனும் அதே பெஞ்சில் பயிலட்டும்.