மதுவக் கலத்தின் உறுதி



மதுவம் சீனியை எதனோலாக்கும் என்று இங்கேதான் படித்தோம். அந்த எதனோலே அதற்கு நஞ்சு என்பதைப் பின்னரே அறிந்தோம். செறிவு கூடினால் கலமென்சவ்வு கசியும். பொற்றாசியம் வெளியேறும், புரோத்தன்கள் உட்புகும், கலம் இறக்கும். தொழிற்சாலைத் தாங்கியில் உற்பத்தியும் நின்றுவிடும்.

2014 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் வளர்ப்பு ஊடகத்தில் பொற்றாசியத்தைக் கூட்டி, அமிலத்தன்மையைக் குறைத்தார்கள். மதுவம் கூடுதலான எதனோலைத் தாங்கியது. பொற்றாசியத்தை உள்ளிழுக்கும், புரோத்தனை வெளித்தள்ளும் புரதங்களின் பரம்பரையலகுகளைப் பலப்படுத்தியும் தாங்குதிறனைக் கூட்டினார்கள்.

மதுவம், சீனி, ஒரு குடுவை இருந்தால் இப்பாடத்தைத் தொடங்கலாம். எங்கள் பிள்ளைகள் இதைப் புத்தகத்தில் மட்டும் பார்க்கக்கூடாது. நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குவோம்.