நிலமும் வாரிசும்: பதிவேடுகளில் தேடும் முறை

(வேடந்தாங்கலில் உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பூச்சிமருந்து பற்றிப் பேசத்தான் நாங்கள் உங்கள் ஊருக்கு வருவது வழக்கம். இன்று வயலைப் பற்றியல்ல, வயலுக்குரிய காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிலம் நன்றாக இருந்தும் பட்டா தாத்தா பெயரிலேயே இருப்பதால் பயிர்க்கடன் கிடைக்கவில்லை, பயிர்க் காப்பீடு கிடைக்கவில்லை, ஆண்டுக்கு 6,000 ரூபாய் உழவர் உதவித்தொகையும் வரவில்லை என்று முறையிடுவோர் பலர். இக்குறை நீங்க வழி என்ன என்பதைப் பார்ப்போம்.

எழுத்தின் அருமையை வேடந்தாங்கல்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. உங்கள் ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் நெல்லுக்கு நல்ல உரம் என்பதை உங்கள் முன்னோர் அறிந்திருந்தார்கள். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1790-களில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயோனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக்கூடாதென்று கவுல் எழுதி வாங்கினார்கள். 1858-ஆம் ஆண்டிலும் ஆட்சியரின் ஆணை பெறப்பட்டது. வாய்ச்சொல்லோடு விட்டிருந்தால் அடுத்து வந்த அதிகாரிக்கு அது தெரிந்திருக்குமா? உங்கள் நிலத்துக்கும் இது பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஓர் உழவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய தாத்தா 1958-இல் சர்வே எண் 112/3-இல் 2 ஏக்கர் 40 சென்ட் நன்செய் கிரயம் வாங்கினார். பத்திரம் பெட்டியில் இருக்கிறது. இப்போது பட்டாவை எடுத்துப் பார்த்தால் தாத்தா பெயரில் 112/3ஏ மட்டும், 0.48.5 ஹெக்டேர் என்று இருக்கிறது. 112/3பி பக்கத்து நிலக்காரர் பெயரில் இருக்கிறது. "எங்கள் நிலத்தைப் பாதி அமுக்கிவிட்டான்" என்று இவருக்குக் கோபம். வக்கீலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். வக்கீலிடம் போகுமுன் இவர் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் அளவும் எண்ணும்

1 ஹெக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். ஆகவே 0.48.5 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 1 ஏக்கர் 20 சென்ட். அதற்கும் பழைய பத்திரமானால் நம் செங்கல்பட்டுப் பக்கத்தில் காணிக் கணக்கு இருக்கும். 1 காணி 57,600 சதுர அடி, அதாவது சுமார் 1 ஏக்கர் 32 சென்ட்.

எண்கள் ஏன் மாறின? 1979 முதல் 1987 வரை தமிழகமெங்கும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று சொல்கிறோமே, அதுதான். அப்போது யார் அனுபவத்தில் எவ்வளவு நிலம் உள்ளது என்று பார்த்துப் புதிய உட்பிரிவுகள் கொடுத்தார்கள். ஏக்கர் ஹெக்டேர் ஆயிற்று. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1980 நவம்பரில், பரம்பரையாக இருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அந்தக் காலத்துப் பதிவுகளில் சில தவறுகளும் நேர்ந்தன. ஆனால் மாறியதெல்லாம் தவறல்ல.

ஆகவே வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இவை: இன்றைய பட்டா, 'அ' பதிவேட்டின் நகல், புலப்படம், யு.டி.ஆருக்கு முந்திய நிலப் பதிவேட்டின் நகல். பழைய எண் எது, புதிய எண் எது என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பட்டாவும் 'அ' பதிவேடும் புலப்படமும் இன்று அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கின்றன. யார் சாகுபடி செய்தார், என்ன பயிர் என்பதற்கு அடங்கலைப் பார்க்க வேண்டும். கிராமக் கணக்குகளில் ஆண்டு பசலியில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1389 என்றால் 1979 ஜூலையில் தொடங்கியது.

உங்கள் ஊர் ஜமீனாகவோ இனாமாகவோ இருந்திருந்தால், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 1963-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கும் பிறகு நடந்த செட்டில்மெண்டில் கொடுத்த பட்டாதான் தொடக்கம். அதற்கு முந்திய கணக்குகளைத் தேட வேண்டி வந்தால் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம்.

வில்லங்கச் சான்று

அடுத்து சார்பதிவாளர் அலுவலகம். வில்லங்கச் சான்று கேட்கும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். பழைய பத்திரங்களெல்லாம் பழைய எண்ணில் பதிவாகியிருக்கும். அவை சான்றில் வராமலே போகும். ஆகவே 112/3, 112/3ஏ, 112/3பி ஆகிய மூன்றுக்கும், 1958 முதல் இன்றுவரைக்கும் கேட்க வேண்டும். இணையத்தில் பல அலுவலகங்களுக்கு 1975 முதல்தான் எளிதாகக் கிடைக்கிறது. அதற்கு முந்தியதற்கு நேரில் மனுச் செய்து பழைய புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். அலுவலக எல்லைகளும் மாறியுள்ளன. உங்கள் கிராமம் முன்பு எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்று கேட்டு அங்கும் தேட வேண்டும். மாவட்டத்தின் பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. 1997-க்கு முன் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம். அந்தந்தக் காலத்துப் பத்திரத்தில் அந்தந்தப் பெயர் இருக்கும்.

நம் உழவர் இவ்வாறு தேடினார் என்று வைத்துக்கொள்வோம். 1974-இல் ஒரு கிரயப் பத்திரம் அகப்பட்டது. சான்றிட்ட நகல் வாங்கிப் படித்தார். தாத்தாவே 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தைப் பக்கத்து நிலக்காரரின் தகப்பனாருக்கு விற்றிருக்கிறார்! வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. யு.டி.ஆரில் போட்ட உட்பிரிவு சரியானதே. வரப்பில் நடக்கவிருந்த சண்டையும், பத்தாண்டு வழக்கும், வக்கீல் செலவும் ஒரு நகலில் மிச்சமாயின.

அப்படி எந்தப் பத்திரமும் இல்லாமலே பட்டா மாறியிருந்தால்? அப்போது தவறைத் திருத்தக் கோரி, தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் இணைத்து வருவாய்த் துறையில் மனுச் செய்யலாம். 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி, வட்டாட்சியரின் ஆணை மீது கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு உண்டு. உரிமை யாருக்கு என்பதே தகராறானால் உரிமையியல் நீதிமன்றந்தான் தீர்க்க வேண்டும். பட்டா மட்டுமே முழு உரிமைக்குச் சான்றாகாது என்பதையும், பதிவு செய்யாத பாகப்பிரிவினை வில்லங்கச் சான்றில் வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆட்களைத் தேடுதல்

இனி மிச்சமுள்ள 120 சென்ட். தாத்தா உயில் எழுதாமல் 1991-இல் காலமானார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். இது தாத்தா சுயமாக வாங்கிய சொத்து. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. நம் உழவரின் தந்தை, சென்னைக்குப் போய்விட்ட பெரியப்பா, மணமாகிப் போன அத்தை ஆகிய மூவருக்கும் ஆளுக்கு 40 சென்ட். தந்தையும் காலமாகிவிட்டதால் அவருடைய 40 சென்ட் அவருடைய வாரிசுகளுக்கு வரும்.

"அத்தைக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டாயிற்றே" என்பார்கள். நகை போட்டதால் நிலத்தில் பங்கு போய்விடாது. அத்தை தம் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் அதற்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அத்தையின் பெயரையே மறைத்து வாரிசுச் சான்று வாங்குவோரும் உண்டு. அது குற்றம். பிள்ளைகள் காலத்தில் அதுவே வழக்காக முளைக்கும்.

பெரியப்பா குடும்பம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. எப்படித் தேடுவது? பதிவு அலுவலகத்தில் சொத்து வாரியாக ஓர் அட்டவணை இருப்பதுபோல, பெயர் வாரியாகவும் ஓர் அட்டவணை உண்டு. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயரும் தகப்பனார் பெயரும் அதில் இருக்கும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி அசையாச் சொத்துப் பதிவுகளையும் அவற்றின் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். உயில் பதிவேடு மட்டும் அவ்வாறு எல்லாருக்கும் திறந்ததன்று. பெரியப்பா பிற்காலத்தில் ஒரு மனை வாங்கியிருந்தால், அந்தப் பத்திரத்தில் அவருடைய முகவரி இருக்கும்.

அடுத்தது வாக்காளர் பட்டியல். தெருவாரியாகத் தகப்பனார் அல்லது கணவர் பெயரோடு இருக்கும். 2025-இல் தொடங்கிய தீவிரத் திருத்தப் பணிக்காக 2002, 2005-ஆம் ஆண்டுப் பழைய பட்டியல்களும் இணையத்தில் போடப்பட்டன. பிறகு பிறப்பு, இறப்புப் பதிவேடு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் இறப்பும் பதிவாக வேண்டும். பதியாமல் ஓராண்டு கடந்திருந்தால் கோட்டாட்சியர் அளவில் ஆணை பெற்றுப் பதிய வேண்டியிருக்கும். ஆகவே வீட்டில் துக்கம் நேர்ந்தாலும் 21 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். ஊர்ப் பெரியவர்களின் நினைவும் ஒரு பதிவேடுதான். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாரையும் கண்டபின் செய்ய வேண்டியது எளிது. இறப்புச் சான்றும் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும் பெறுங்கள். குடும்பத்தார் கூடிப் பேசிப் பாகப்பிரிவினையைப் பதிவு செய்யுங்கள். பிறகு உட்பிரிவு கேட்டுத் தனிப் பட்டாவுக்கு மனுச் செய்யுங்கள். பிரிக்க முடியாவிட்டால் கூட்டுப் பட்டாவாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. மனு எதுவாயினும் நகல் எடுத்து, ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்கள்.
2. வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். மூலப் பத்திரத்தைத் தரகரிடம் விட்டுவராதீர்கள்.
3. அலுவலகத்தில் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும்.
4. ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் உங்கள் கிராமக் கணக்கு தணிக்கைக்கு வரும் நாளில் மனுவோடு செல்லுங்கள்.
5. ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் பட்டாவையும் வில்லங்கத்தையும் எடுத்துப் பாருங்கள். களை முளைத்த உடனே பிடுங்குவதுபோல, தவறையும் உடனே கண்டால் எளிதில் நீக்கலாம்.

இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள உத்தரமேரூர் கல்வெட்டை நீங்கள் அறிவீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குடவோலை முறையில் வாரியத்துக்கு வருவோர் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையின் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்தபோதும், ஊர்க் கணக்குகள் தமிழில் ஓலையில் எழுதப்பட்டன. கணக்கு வைத்துப் பழகிய நாடு நம்முடையது.

இன்று வீட்டுக்குப் போனதும் பத்திரப் பெட்டியைத் திறந்து, பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று பாருங்கள். காலமானவர் பெயரில் இருந்தால் அடுத்த விதைப்புக்கு முன் இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். முதல் வேலையாக அத்தைக்கு ஒரு தகவல் அனுப்புங்கள்.