பொழுதும் நேரமும்



தமிழிலே பொழுது என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காலம் என்பது ஒன்று. சூரியன் என்பது மற்றொன்று. "பொழுது கிளம்பிவிட்டது", "பொழுது சாய்ந்துவிட்டது" என்று நமது கிராமத்தவர்கள் சொல்லும்போது சூரியனைத்தான் குறிப்பிடுகிறார்கள். காலத்தையும் கதிரவனையும் ஒரே சொல்லாற் குறித்த மக்கள் நாம். இன்று நம்மை எழுப்புவது பொழுது அல்ல. கடிகாரம் காட்டும் நேரம். அதிகாலையிலே நம்மை அழைக்கின்ற வேலை, நமது ஓய்வையும் அன்றாட வாழ்வையும் எவ்வாறு மாற்றியிருக்கிறது என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

நமது இலக்கண நூலார் ஒரு நாளை வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுதுகளாக வகுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை. மருதத்துக்கு வைகறையும் விடியலும், முல்லைக்கு மாலை, நெய்தலுக்கு எற்பாடு என்று நிலத்துக்கும் பொழுதுக்கும் உறவு கண்டனர். எல்லா நிலத்துக்கும் ஒரே நேரம் முக்கியமானது என்று அவர்கள் கருதவில்லை. முல்லைப்பாட்டிலே பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீர் வட்டில் கொண்டு நாழிகை அறிந்து சொல்லும் கணக்கர் வருகிறார்கள். நாழிகையை எண்ண வேண்டிய தேவை அரசனுக்கு இருந்தது. மாடு திரும்பும் வேளை எது என்பதை ஆயர் குடிக்கு வானமே சொல்லிவிடும்.

நமது பேச்சு வழக்கிலும் இந்த நுட்பம் நெடுங்காலம் வாழ்ந்தது. யாழ்ப்பாணத்து முதியவர்கள் விடியப்புறம், வெள்ளாப்பு, மைமல் என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தோட்டக்காரன் வெள்ளாப்பிலே எழுந்து துலா மிதித்து வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைப்பான். வெயில் ஏறியதும் வீடு திரும்புவான். நண்பகலிலே திண்ணையிற் சாய்வான். வெயில் தாழ்ந்தபின் மறுபடியும் தோட்டத்துக்குப் போவான். அவன் உழைப்பு இலேசானதல்ல. ஆனால், அதிகாலையிற் கொடுத்த உறக்கத்தை நண்பகலிலே அவன் திரும்பப் பெற்றுக்கொண்டான். கொடுக்கல் வாங்கல் சரியாக இருந்தது.

ஆகவே, அதிகாலையில் எழுவது துன்பம் என்று நான் சொல்ல வரவில்லை. விடியுமுன் துயிலெழும்படி ஔவையார் ஆத்திசூடியிலே பிள்ளைகளுக்கு அறிவுரை கூறினார். திருவெம்பாவையிலே பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு நீராடப் போகிறார்கள். அங்கே தோழமை இருக்கிறது, கேலி இருக்கிறது, பக்தி இருக்கிறது. தானாக எழுவது வேறு, எழுப்பப்படுவது வேறு. தனக்காக எழுகின்றவனுக்கு விடியல் சொந்தம். பிறருக்காக எழுப்பப்படுகின்றவனுக்கு அது வேலையின் முதல் மணித்தியாலம்.

இந்த வேறுபாட்டை நம் நாட்டிலே முதன்முதல் முழுமையாக அனுபவித்தவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். விடியலின் குளிரிலே தப்பு முழங்கும். பின்னர் பிரட்டுக்களத்திலே வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். பிந்தி வந்தவருக்கு அன்றைய பெயர் நிச்சயமில்லை. வேண்டுமானால் அரைப் பெயர். தப்பு முழங்கியபின் எழுந்தால் பெண்ணுக்குக் கட்டாது. அதற்கு முன்பே எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிலே விட்டுவிட்டுக் கூடையோடு மலையேற வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளையின் படைப்புகளிலும், கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவலிலும் இந்த வாழ்வு பதிவாகியிருக்கிறது. தோட்டப்புறத்திலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984 இலேதான் வந்தது. சம ஓய்வு எப்போது வரும் என்று எந்த ஒப்பந்தமும் இன்னும் பேசவில்லை.

நேயர்களே, நாடு முழுவதும் ஒருமுறை முன்கூட்டி எழுப்பப்பட்டதும் உண்டு. 1996 இலே மழை பொய்த்து மின்சார நெருக்கடி ஏற்பட்டபோது, மே மாதம் 25 ஆம் திகதி நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்நகர்த்தப்பட்டன. மாலையிலே விளக்கேற்றுவதைப் பிற்போட்டால் மின்சாரம் மிஞ்சும் என்பது எண்ணம். அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரில் 15 இலேதான் பழைய நேரம் முழுமையாகத் திரும்பியது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. ஒரு சிறிய தீவிலே இரண்டு நேரங்கள்! எங்கள் பகுதியில் ஒருவர் நேரம் சொன்னால், "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்பது வழக்கமாயிற்று.

அந்த முதல் மாதங்களிலே ஏழரை மணிப் பாடசாலைக்குப் போகும் சிறுபிள்ளைகள் இருட்டிலே தெருவுக்கு வந்தார்கள். மாலையிலே மிச்சம் பிடித்த விளக்கைக் காலையிலே அடுக்களையில் ஏற்ற வேண்டியிருந்தது. கடிகார முள்ளைத் திருப்பலாம். சூரியனுக்குச் சுற்றறிக்கை அனுப்ப முடியாது. பத்தாண்டின் பின் நாடு பழைய நேரத்துக்கே மீண்டது.

கடிகாரம் மீண்டது, வாழ்க்கை மீண்டதா? கொழும்புக்கு வெளியேயிருந்து கந்தோருக்கு வந்துபோகும் ஒரு பெண் லிகிதரை எண்ணிப் பாருங்கள். நாலரைக்கு எழுகிறார். ஆறு மணிக்கு பஸ் எடுக்கிறார். எட்டரைக்குக் கையொப்பம் இடுகிறார். நாலேகாலுக்கு வெளிக்கிட்டு ஏழு மணிக்கு வீட்டுப்படி மிதிக்கிறார். பிறகு சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம், மறுநாளைக்குக் கறி நறுக்குதல். பத்து மணிக்குத் தலையணை. உழைப்பு ஏழேமுக்கால் மணித்தியாலம் என்று பதிவேடு சொல்கிறது. அவர் கண்விழித்திருந்ததோ பதினேழரை மணித்தியாலம். அதிலே வீட்டில் இருந்த நாலரை மணித்தியாலமும் அடுப்படியிலும் பிள்ளையின் மேசையடியிலும் கழிந்துவிட்டது. எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி சொந்தப் பொழுது என்று தொழிலாளர் இயக்கம் கேட்ட மூன்றாவது எட்டு எங்கே போயிற்று?

1919 இலே சர்வதேசத் தொழில் அமைப்பின் முதலாவது சமவாயம் நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்று வரையறை செய்தது. நமது நாட்டிலும் 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு, வாரத்துக்கு நாற்பத்தைந்து என்று எல்லை கட்டியது. பெரிய வெற்றிகள்தான். எனினும் இவை வாசலுக்குள் நுழைந்த பின்னுள்ள மணித்தியாலங்களையே எண்ணுகின்றன. வாசலை அடைவதற்கு இழந்த விடியலை யாரும் எண்ணுவதில்லை.

இழப்பு தனி மனிதரோடு நின்றுவிடுவதில்லை. நமது நாட்டுக்கூத்துக்கள் விடிய விடிய ஆடப்பட்டவை. மறுநாட் காலை கொஞ்சம் பிந்தி எழலாம் என்ற உரிமை ஊருக்கு இருந்தபடியால் அது முடிந்தது. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி நகர மேடைக்கு ஏற்றினார். கலை பிழைத்தது, நல்ல பணி. ஆனால், இரவு முழுவதும் கூத்துப் பார்க்கும் ஊரை எந்தப் பேராசிரியராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நாலரைக்கு எழ வேண்டியவன் ஒன்பது மணிக்கே கொட்டாவி விடுவான். புத்தகமும் அவன் கையிலிருந்து அப்படித்தான் நழுவுகிறது.

வகுப்பறையிலே நான் நாள்தோறும் காண்பதும் இதுதான். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணித்தியால உறக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். இரவு ரியூசன், விடியப்புறம் இன்னொரு ரியூசன், ஏழரைக்குப் பாடசாலை. முதற் பாடவேளையிலே கண் சொருகும் பிள்ளையைச் சோம்பேறி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவனுடைய விடியலை எடுத்துக்கொண்டவர்கள் நாம்.

என்ன செய்யலாம்? வேலை தொடங்கும் நேரத்திலே சிறிது நெகிழ்ச்சி காட்ட நிறுவனங்களால் முடியும். விடியற்கால வகுப்புக்களை நிறுத்தப் பெற்றோராலும் ஆசிரியராலும் முடியும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, சட்டமும் சுற்றறிக்கையும் வேண்டாத ஒன்று உண்டு. வீட்டிலே முதலில் எழுகின்றவர் எப்போதும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. அடுப்பு மூட்ட ஆணுக்கும் கை உண்டு. தாய்க்கும் மனைவிக்கும் வாரத்தில் இரண்டு விடியல்களையாவது நாம் மீட்டுக் கொடுக்கலாம். அதற்குப் புது நேரமும் வேண்டாம். பழைய நேரமும் வேண்டாம். நல்ல மனம் போதும்.