கை நிமிர்ந்தது, வேலை எங்கே?

பட்டம் பெறும் பிள்ளைகளே, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"இந்த மறுவாழ்வுப் படிப்பைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று என் அப்பா கேட்டார். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். கிடைக்கும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. அரசுப் பணியில் 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டை 4 ஆக்கியது. ஒதுக்கினால் ஆயிற்றா? இன்னாருக்கு இன்ன வேலை பொருந்தும் என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா? அரசுப் பணியிடங்கள் சொற்பம்தான், மறைக்கவில்லை. தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளமும் சுமார்தான். மருத்துவமனைகளையும் பயிற்சி மையங்களையும் பெரிய கம்பெனிகளின் மனிதவளப் பிரிவுகளையும் தட்டிப் பாருங்கள்.

இந்த வேலை ஏன் தேவை என்பதற்கு ஒரு பழைய கதை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். குணமான சிலர் மனக்குறையோடு திரும்பி வந்தார்கள். மடங்கிய கைக்குப் பிச்சையாவது விழுந்தது. நிமிர்ந்த கைக்கு அதுவும் இல்லை, நோயின் பெயரைச் சொல்லி வேலையும் தர மறுக்கிறார்கள் என்றார்கள். அதன் பிறகுதான் அங்கே புதுவாழ்வு நிலையம் எழுந்தது. தச்சு வேலையும் மரப்பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவத்துக்கு முன் கட்டடத் தொழில் பயின்றவர் பிராண்ட். உளி அவருக்குப் புதிதல்ல. வேலை கிடைக்கும்வரை சிகிச்சை முடியவில்லை என்பதை நான் அங்கிருந்துதான் கற்றேன்.

கோவையில் ஒரு பம்பு கம்பெனி. பிரஸ் மெஷினில் வலக்கை விரல்களை இழந்த ஒரு தொழிலாளிக்கு அங்கேயே மாற்று வேலை கேட்டுப் போயிருந்தேன். முதலாளி நல்ல மனிதர். "மாசமானா ஒரு தொகை கொடுத்துடறனுங்க. பாவம், வீட்லயே இருக்கட்டுங்க" என்றார். அவர் தர நினைத்தது தருமம். நான் கேட்டது சம்பளம். பட்டறையைச் சுற்றிப் பார்க்கலாமா என்றேன். ஸ்டோரில் ரிஜிஸ்டர், எடை மெஷின், ஓர் ஏணி. முதல் இரண்டும் இடக்கைக்குப் பழகும். ஏணிதான் சிக்கல். மேல்தட்டுச் சரக்கைக் கீழே இறக்கி வைக்கச் சொன்னேன், காசு செலவில்லை. முதலாளி முனகினார், அரை மனதோடு சம்மதித்தார். இடக்கை எழுத்து படியச் சில மாதம் பிடித்தது. பின்னாளில் அந்த ஆள் லீவு கேட்டாலே முதலாளி எரிந்து விழுகிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கிடைத்த விருதுகளில் எதுவும் அந்தச் சேதிக்கு ஈடில்லை. பாவப்பட்ட ஆளை யாரும் லீவுக்காகத் திட்டுவதில்லை, பாருங்கள்.

ஆகவே மனுவைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போகாதீர்கள். முதலில் பட்டறைக்குள் போங்கள். மெஷினின் உயரம், கழிப்பறைக் கதவின் அகலம், பஸ் நிறுத்தம் எத்தனை தூரம் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்காது.

போட்டோ எடுத்து முடித்ததும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய விண்ணப்பியுங்கள். அந்தக் கவுன்சிலுக்கான 1992 சட்டப்படி, பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. உங்களை வெளியே எடுக்க என்னால் வர முடியாது.