சோடாப் புட்டியும் மிட்டாயும்

(சொற்பொழிவு)



சோடாவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நோட்டீசில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதற்கா ஒரு கூட்டம்?" என்று சில தோழர்கள் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரிக்கட்டும். கண்ணுக்கு எட்டாத விஷயங்களைப் பற்றி நாட்டில் வேண்டிய அளவு பேசியாய்விட்டது. காலணா மிட்டாயைப் போல அற்பமென்று தள்ளிவிடுகிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம். தேடிக்கொண்டே போனால் 1,700 ஜனங்கள் ஒரே இரவில் மாண்ட ஓர் ஏரிக்கரையில் போய் நிற்போம். அப்பொழுது சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள்.

முதலில் வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். டயட் கோக் என்று ஒரு பானம். சர்க்கரைக்குப் பதிலாக வேறொரு இனிப்புச் சரக்குப் போட்டது. அதில் 2 லிட்டர் புட்டியொன்றைத் திறந்து, மெண்டோஸ் என்கிற புதினா மிட்டாயில் நாலைந்தைச் சேர்ந்தாற்போல் உள்ளே போட்டால், கண் மூடித் திறப்பதற்குள் நுரையும் தண்ணீருமாக இரண்டு ஆள் உயரத்துக்குப் பீறிட்டு அடிக்கும். அமெரிக்காவில் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டுவார்கள். முன்பெல்லாம் நடுவில் துளையுள்ள வேறொரு புதினா மிட்டாயைக் கோத்துப் போட்டார்கள். பிறகு அந்த மிட்டாயைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யத் தொடங்கவே, அது புட்டியின் வாய்க்குள் போகவில்லை. அதனால் மெண்டோசுக்கு மாறினார்கள். 2005-இல் ஸ்டீவ் ஸ்பாங்ளர் என்பவர் டெலிவிஷனில் காட்டினார். 2006-இல் பிரிட்ஸ் குரோப், ஸ்டீபன் வோல்ட்ஸ் என்ற இருவர் 101 புட்டிகளையும் 500-க்கு மேற்பட்ட மிட்டாய்களையும் வரிசை வைத்து, நாட்டியம்போல் ஊற்றுகளை எழுப்பிப் படம் பிடித்துப் போட, உலகமெல்லாம் பார்த்தது.

பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? "அந்த மிட்டாயில் என்னமோ இருக்கிறது" என்றார்கள். தோழர்களே, நம் பேச்சே இந்த ஒரு வார்த்தையைப் பற்றியதுதான். கண்ணுக்கு முன்னால் கடைசியாக எது வந்து விழுந்ததோ அதற்கே எல்லாச் சக்தியையும் கொடுத்துவிடுவது மனிதனுடைய பழக்கம்.

அமெரிக்கா வரைக்கும் போகவேண்டாம். நம் ஊர்க் கோலி சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் குண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் புட்டிக்கு 1872-இல் ஹைரம் காட் என்கிற இங்கிலாந்துக்காரர் உரிமைப் பத்திரம் வாங்கினார். அதற்கு மூடி என்று தனியாக ஒன்றும் இல்லை. உள்ளே அடைபட்டிருக்கிற வாயுவே குண்டை மேலே தள்ளி, ரப்பர் வளையத்தோடு அழுத்தி, தன் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது. கட்டை விரலால் குண்டைத் தள்ளியவுடன் "புஸ்" என்கிறதே, அதுதான் கரியமிலவாயு.

இந்த வாயு தண்ணீருக்குள் எப்படிப் போயிற்று? இங்கிலாந்தில் லீட்ஸ் என்னும் ஊரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்கிற பாதிரியார், 1767 வாக்கில், பக்கத்திலிருந்த பீர் காய்ச்சும் சாலையில் தொட்டிகளுக்கு மேலே ஒரு வாயு தேங்கி நிற்பதைக் கண்டு, அதைத் தண்ணீரில் கலந்து குடித்துப் பார்த்தார். செய்முறையை 1772-இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். இந்தப் பிரீஸ்ட்லியின் வீட்டையும் ஆராய்ச்சிச் சாலையையும் 1791-இல் பர்மிங்காம் நகரத்தில் ஒரு கும்பல் கொளுத்திற்று. சோடா கண்டதற்காக அல்ல. மதத்திலும் அரசியலிலும் சொந்தமாக யோசித்ததற்காக. பிறகு 1794-இல் அவர் அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்தார். நிற்க.

எவ்வளவுக்கெவ்வளவு அழுத்தம் அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு வாயு தண்ணீரில் அதிகமாகக் கரையும் என்று 1803-இல் வில்லியம் ஹென்றி கணக்கிட்டுச் சொன்னார். மூடிய புட்டிக்குள் வெளிக்காற்றைப்போல் மூன்று நான்கு மடங்கு அழுத்தம் இருக்கிறது. 2 லிட்டர் புட்டிக்குள் கரைந்திருக்கும் வாயுவை வெளியே எடுத்தால் சுமார் 6 முதல் 7 லிட்டர் இடம் பிடிக்கும். அதாவது, புட்டியைப்போல் மூன்று மடங்கு சரக்கை அந்தப் புட்டிக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறோம். சக்தி எங்கே இருந்தது என்று இப்பொழுது தெரிகிறதல்லவா? மிட்டாய் வருவதற்கு எத்தனையோ நாளைக்கு முன்னாலேயே அது புட்டிக்குள் இருந்தது.

"அப்படியானால் மூடியைத் திறந்தவுடனே எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். வாயு வெளியேறவேண்டுமானால் முதலில் குமிழி ஆகவேண்டும். தண்ணீரோ தன்னைத்தானே இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிளந்து ஒரு புதுக் குமிழி பிறப்பது மகா கஷ்டம். பிறந்த குமிழி மிகச் சிறியதாயிருந்தால் தண்ணீரின் பிடியே அதை நசுக்கிவிடும். ஆனால் எங்காவது ஒரு கீறல், ஒரு பொத்தல், அதற்குள் கொஞ்சம் காற்று ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் வாயு சுலபமாக வந்து சேர்ந்து, குமிழி பெருத்து, மேலே கிளம்பிவிடும். மெண்டோஸ் மிட்டாய் பார்வைக்கு வழுவழுப்பாயிருக்கிறது. பூதக்கண்ணாடிக்குள் பார்த்தால் குண்டும் குழியும். கணக்கில்லாத குழிகள், கணக்கில்லாத வாசல்கள். மிட்டாய் கனமானதால் நேரே அடிக்குப் போய்விடுகிறது. அடியிலே கிளம்பும் குமிழிகள் மேலே வரும் வழியெல்லாம் மேலும் வாயுவை வாங்கிப் பெருத்து, தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வாய் வழியாகப் பாய்கின்றன. வாய் குறுகலானதால் உயரம்.

இதற்குப் படித்தவர்கள் வேறொரு காரணம் சொல்லிவந்தார்கள். பானத்தில் புளிப்பு இருக்கிறது, மிட்டாயில் காரம் இருக்கிறது, இரண்டும் சண்டை போட்டுப் பொங்குகின்றன என்றார்கள். ஆப்பசோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் அப்படித்தான் பொங்குகிறது. ஆகவே கேட்பதற்குச் சாஸ்திரம்போலவே இருந்தது. பாமரன் "மிட்டாய்க்குச் சக்தி" என்றால் சிரிக்கிறவர்கள், அதையே நாலு ரசாயன வார்த்தை போட்டுச் சொன்னால் தலையாட்டிவிடுகிறார்கள். இதில்தான் படித்தவர்கள் அதிகம் ஏமாறுகிறது.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் டோன்யா காபி என்கிற பேராசிரியை தம் மாணாக்கர்களோடு இதைச் சோதித்து, 2008-இல் ஒரு பௌதிகப் பத்திரிகையில் வெளியிட்டார். அந்த அம்மாள் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. பொங்குவதற்கு முன்னும் பின்னும் புளிப்பை அளந்தார், இரண்டும் ஒன்றே. சண்டை நடந்திருந்தால் புளிப்புக் குறைந்திருக்க வேண்டும்; குறையவில்லை. உப்பைப் போட்டார், மணலைக்கூடப் போட்டார். மணலுக்கும் பானம் பொங்கிற்று. மணலில் என்ன காரம் இருக்கிறது? மிட்டாயைப் பொடி செய்து போட்டால் ஊற்று அற்பமாய்ப் போயிற்று. சரக்கு அதே சரக்குத்தான். ஆனால் பொடி வேகமாக அடிக்குப் போகவில்லை. பானம் சூடாயிருந்தால் ஊற்று உயர்ந்தது. டயட் பானத்திலுள்ள இனிப்புச் சரக்கும், கெடாமலிருக்கப் போடும் உப்பும், மிட்டாயின் மேல்பூச்சில் இருக்கும் வேலமர இனத்துப் பிசினும், குமிழி பிறப்பதைச் சுலபமாக்குகின்றன என்றும் கண்டார். இவ்வளவுதான். இதற்குப் பிறகும் சிலர் கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள பள்ளத்திலிருந்து 4,300 மீட்டர் உயரமுள்ள மலையுச்சிவரை மிட்டாயைத் தூக்கிக்கொண்டு போய், மேலே ஏற ஏற நுரை எவ்வளவு அதிகமாகிறதென்று அளந்து 2020-இல் எழுதினார்கள். பெரியவர்கள் செய்கிற வேலையா இது என்றால், ஆம், பெரியவர்கள் செய்யவேண்டிய வேலைதான்.

நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் நம்பவேண்டியதில்லை. கடையில் உப்புச் சோடா கேட்டால், கடைக்காரர் உப்புப் போட்டவுடன் நுரை தளும்புகிறதல்லவா? நாளைக்கு அதே உப்பை முதலில் கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அந்தத் தெளிந்த தண்ணீரை மெள்ள விட்டுப் பாருங்கள். நுரை வெகுவாகக் குறைந்துவிடும். உப்புக்குச் சக்தியென்றால் கரைந்த உப்புக்கும் அது இருக்கவேண்டும். பிறகு கழுவிய மணலைப் போட்டுப் பாருங்கள் (குடித்துவிடாதீர்கள்). பிள்ளைகள் மிட்டாய் வேடிக்கை செய்தால் பிளாஸ்டிக் புட்டியில், வெட்டவெளியில் செய்யட்டும். மிட்டாயைப் போட்டபின் மூடியைத் திருகக்கூடாது, முகத்தைக் குனிந்து வைக்கக்கூடாது. கண்ணாடிப் புட்டி கூடவே கூடாது.

இன்னொரு கதையும் சொல்லவேண்டும். வாயிலே போட்டால் படபடவென்று வெடிக்கும் மிட்டாய் ஒன்று உண்டு. பாப் ராக்ஸ் என்று பெயர். வில்லியம் மிச்செல் என்ற ரசாயனக்காரர் 1961-இல் உரிமை வாங்கியது. உருகிய சர்க்கரைப் பாகில் கரியமிலவாயுவை அழுத்தி அடைத்து ஆறவைப்பதுதான் விஷயம். 1970-களில் அது கடைக்கு வந்ததும், விளம்பரப் படத்தில் நடித்த ஒரு சிறுவன் இந்த மிட்டாயைத் தின்று மேலே கோக் குடித்து வயிறு வெடித்துச் செத்தான் என்று அமெரிக்கா முழுவதும் வதந்தி. அந்தப் பையனோ சுகமாய் வளர்ந்து பெரியவனானான். 1979-இல் கம்பெனியார் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக மறுப்பு விளம்பரம் போடவேண்டியிருந்தது. பேய் பிசாசு கதை நம் ஊரில் மட்டும்தான் பரவும் என்று நினைக்காதீர்கள். செத்ததாகச் சொன்ன பையன் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாவிட்டால் எந்த தேசத்திலும் பரவும்.

இனி ஏரிக்கு வருகிறேன்.

ஆப்பிரிக்காவில் காமரூன் தேசத்தில் நியோஸ் என்று ஓர் ஏரி. பழைய எரிமலை வாயில் தேங்கிய தண்ணீர். ஆழம் 200 மீட்டருக்கு மேல். 1986 ஆகஸ்டு 21-ந் தேதி இரவு அந்த ஏரி பொங்கிற்று. கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது. அது பள்ளத்தாக்கு வழியே வெள்ளம்போல் இறங்கி, தூங்கப்போன ஜனங்களை மூடிற்று. சுமார் 1,700 பேரும் 3,500 கால்நடைகளும் மாண்டார்கள். வீடு இடியவில்லை, நெருப்புப் பற்றவில்லை. மனிதர்களும் மாடுகளும் கிடந்த கிடையிலே செத்துக் கிடந்தார்கள். இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1984 ஆகஸ்டில், அதே தேசத்து மொனூன் ஏரியில் 37 பேர் இப்படியே மாண்டிருந்தார்கள்.

காரணம் தேடினார்கள். ஏரியில் வாழும் ஆவிகளின் கோபம் என்றார்கள் சிலர். அந்நியர் இரகசியமாகக் குண்டு வெடித்துப் பார்த்தார்கள் என்றார்கள் சிலர். ஏரிக்கடியில் எரிமலை வெடித்தது என்று விஞ்ஞானிகளிலேயே சிலர் வாதித்தார்கள். அளக்கப் போனவர்கள் பார்த்தார்கள்: அடித்தண்ணீர் கொதிக்கவில்லை, அடிச்சேறு கலையவில்லை, எரிமலை கக்கும் மற்றச் சரக்குகளைக் காணோம். தண்ணீரிலோ கரியமிலவாயு மண்டிக் கிடந்தது. பூமிக்கடியிலிருந்து கசியும் வாயு அடித்தண்ணீரில் கரைந்துகொண்டே வந்திருக்கிறது. 200 மீட்டர் தண்ணீரின் பாரம் வெளிக்காற்றைப்போல் இருபது மடங்கு. அந்தப் பாரமே மூடி, ஏரியே புட்டி. பல வருஷமாக அடைபட்ட சோடா அது. அன்றிரவு அதைக் கிளறியது மலைச்சரிவா, மழையா, காற்றா என்பதில் இன்னும் அபிப்பிராய பேதம் இருக்கிறது. எதுவாயிருந்தாலும் அது வெறும் மிட்டாய். அடியில் கிடந்ததுதான் ஆளைக் கொன்றது.

இதை அறிந்ததனால் ஒரு வழி பிறந்தது. 2001-இல் ஏரியின் நடுவே, அடிவரைக்கும் ஒரு குழாயை இறக்கினார்கள். முதலில் மட்டும் ஒரு பம்பு வைத்து அடித்தண்ணீரைக் கொஞ்சம் மேலே இழுத்தார்கள். மேலே வர வர அழுத்தம் குறைந்து, குமிழி கிளம்பி, அந்தக் குமிழியே பின்னால் வரும் தண்ணீரைத் தூக்கிற்று. பிறகு பம்பை நிறுத்திவிட்டார்கள். எண்ணெயும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு ஊற்று தானே அடித்தது. ஊரைக் கொன்ற வாயுவைக்கொண்டே அந்த வாயுவை வெளியேற்றினார்கள். 2011-இல் இன்னும் இரண்டு குழாய்கள் போட்டார்கள்.

ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் நடுவே கிவு என்று இதைவிட எத்தனையோ மடங்கு பெரிய ஏரி இருக்கிறது. அதன் அடியிலும் கரியமிலவாயுவும், அதோடு எரியக்கூடிய மீத்தேன் வாயுவும் கரைந்து கிடக்கின்றன. கரையைச் சுற்றிச் சுமார் 20 லட்சம் ஜனங்கள் வாழ்கிறார்கள். அங்கேயும் குழாய் இறக்கியிருக்கிறார்கள். மேலே வரும் மீத்தேனைப் பிரித்தெடுத்து எரித்து, 2016 முதல் ருவாண்டாவின் வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள்.