கிளம்பும் முன் ஒரு திருகு

அமெரிக்காவில் விடுமுறை வந்தால் பலர் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கேம்பர் என்று பெயர். உள்ளே அடுப்பு, ஃபிரிட்ஜ், வெந்நீர் ஹீட்டர் எல்லாம் உண்டு. பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் எரிபொருள் ஒன்றுதான்: முன்னால் பொருத்தியிருக்கும் சிலிண்டரில் உள்ள புரொப்பேன்.

ஊர் திரும்பும்போது நாற்காலியை மடக்குவார்கள், தண்ணீர்க் குழாயைச் சுருட்டுவார்கள். அடுப்பு அணைந்ததா என்றும் பார்த்துவிடுவார்கள். மறந்துபோவது ஃபிரிட்ஜ்தான். கேம்பர் ஃபிரிட்ஜ் பலவற்றின் பின்பக்கம் சின்னதாக ஒரு நீலச் சுடர் எரியும். நெருப்பிலிருந்து குளிர்ச்சியா என்று தோன்றும். அந்தச் சூட்டில்தான் உள்ளே இருக்கும் அம்மோனியா ஆவியாகிச் சுற்றிவந்து குளிரவைக்கிறது. பால் கெட்டுவிடுமே என்று அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சுடரோடு வண்டி பெட்ரோல் பங்கில் போய் நின்றால்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். நம் வீட்டுச் சமையல் வாயுவும் அப்படித்தான். அதனால்தான் கேம்பரில் கசிவை உணர்ந்து அலறும் கருவியைத் தரையோரமாக வைக்கிறார்கள். சாலையிலும் கட்டுப்பாடு உண்டு: அமெரிக்காவின் பால்டிமோர் நகரத் துறைமுகச் சுரங்கப் பாதையில் 10 பவுண்டுக்கு மேல் புரொப்பேன் உள்ள சிலிண்டரோடு நுழையவே தடை.

அதனால் கிளம்பும் முன் அணைக்க வேண்டியவற்றை ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் அதை உரக்கப் படிக்க, இன்னொருவர் ஒவ்வொன்றாக அணைக்கட்டும். கடைசியில் சிலிண்டர் வால்வை வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் வேண்டாம்.